மதினிக்கு ஒரு கணக்கு

பாம்பன்
சனிக்கிழமை ராத்திரி

அடி கணக்குப்புலி,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரி எழுதலை, நெசந்தான். திட்டுறதை நேர்ல வந்து திட்டு. புதுப் பாலத்துல ரயிலும் ஓடுது, இனி சாக்குச் சொல்ல முடியாது. இங்க எல்லாரும் சுகம். அய்யாவுக்குக் காது இன்னும் மந்தமாயிருச்சு, அதனால வீட்டுல சண்டை குறைஞ்சிருக்கு.

இது மதினிக்காக எழுதுறேன். கர்ப்பப்பையில மூணு கட்டி, ஃபைப்ராய்டுங்கிற நார்க்கட்டி, பெருசு ஏழு சென்டிமீட்டர். மாசத்துல பத்து நாள் ரத்தம் போயிருக்கு, ரெண்டு வருசமா வாயே திறக்கலை. போன மாசம் கடல்பாசி எடுக்கக் கிளம்பினவ, விரலுக்குத் துணி சுத்திக்கிட்டு இருக்கும்போதே கரையில சரிஞ்சுட்டா. ஹீமோகுளோபின் ஏழு. ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தினோம்.

மதுரையில ஒரு தனியார் டாக்டர் ஸ்கேனைப் பார்த்த அஞ்சாவது நிமிசம், "கர்ப்பப்பையை எடுத்துருங்க, செலவும் கம்மி, தொல்லையும் விட்டுச்சு"ன்னுட்டார். காப்பீட்டு அட்டை இருக்கான்னு மட்டும் ரெண்டு தடவை கேட்டார். மதினிக்கு வயசு 37. பஸ்ல மண்டபம் வர்ற வரைக்கும் பேசலை. அப்புறம் சொன்னா: "இன்னொரு புள்ள வேணுமா வேணாமான்னு நாந்தான சொல்லணும்?"

அன்னைக்கு ராத்திரியே நோட்டுல கோடு போட்டேன். சிரிக்காதே. பிளஸ் டூவுல நீ காட்டாத பேப்பருக்கும் சேர்த்துத்தான் இப்பப் படிக்கிறேன்.

கர்ப்பப்பையை விட்டுட்டுக் கட்டியை மட்டும் அறுத்து எடுக்கலாம், அது மயோமெக்டமி. இல்லைன்னா மெல்லிசுக் குழாய் விட்டு, கட்டிக்குப் போற ரத்தக்குழாயை அடைச்சிரலாம், அது எம்போலைசேஷன். அடைச்சா ரெண்டு வாரத்துல எழுந்து நடமாடலாம். வயித்தைத் திறந்து அறுத்தா மாசம் ஒண்ணு, ஒண்ணரை தண்ணிப் பக்கமே போகக்கூடாது. பாசிக்காரிக்கு அந்தக் கூலியும் செலவுதானே? பில்லுல அது வராது. அதனால அடைக்கிறதுதான் லாபம்னு துள்ளிக்கிட்டு இருந்தேன்.

அங்கதான் மண்ணு விழுந்துச்சு. இங்கிலாந்துல 254 பொம்பளைகளை வச்சு ரெண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2020-ல வந்திருக்கு. ரெண்டுலயும் குணம் உண்டு. ஆனா ரெண்டு வருசம் கழிச்சுப் பார்த்தா அறுத்து எடுத்தவங்கதான் கொஞ்சம் கூடுதல் நிம்மதியா இருந்திருக்காங்க. அடைச்சவங்கள்ல மறுபடி வைத்தியத்துக்கு வந்தவங்க அதிகம். படுக்கை நாள்ல மிச்சம் பிடிச்சதை ரெண்டாவது தடவை வைத்தியம் தின்னுருது. வயசு 47, 48ன்னா கதையே வேற, மாதவிடாய் நின்னா கட்டி தானாச் சுருங்கும், அதுவரைக்கும் தள்ளினாப் போதும். மதினிக்கு அதுக்கு இன்னும் பத்துப் பன்னெண்டு வருசம் கிடக்கே. புள்ள ஆசை இருக்கிறவங்களுக்கும் பெரும்பாலும் அறுத்து எடுக்கிறதைத்தான் சொல்றாங்க. கட்டி திரும்ப முளைக்காதுன்னு அதுலயும் யாரும் எழுதித் தரமாட்டாங்க, அது வேற.

ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "முதல்ல ரத்தம் பத்தைத் தாண்டட்டும்"னு இரும்பு மாத்திரையும் ரத்தப்போக்குக்கு மாத்திரையும் குடுத்திருக்காங்க. ஏப்ரல் 15-ல மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு 61 நாள் கரையில, அண்ணனும் வீட்டுல. சோறு பொங்க அவனுக்குத் தெரியும், தெரியாத மாதிரி நடிப்பான், அவ்வளவுதான். ஆபரேசனை அப்ப வச்சுக்கலாம்.

நீ இன்சூரன்ஸ் ஆபீஸ்ல நாள் முழுக்க பில்லு பார்க்கிறவ. முதலமைச்சர் காப்பீட்டுல குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம்னு இருக்கு. கர்ப்பப்பையை எடுக்கிறதுக்குக் குடுக்கிற மாதிரி, கட்டியை மட்டும் எடுக்கவும் குடுப்பாங்களா, எந்தெந்த ஆஸ்பத்திரியிலன்னு விசாரிச்சு எழுது. வாட்ஸ்அப்ல கட்டைவிரலைக் காட்டிட்டு ஓடிராதே.

உன்
நண்டு

மதினி கேக்கச் சொன்னா: அந்தப் பச்சைத் தாவணியை இன்னும் வச்சிருக்கியா?