டேஷ்போர்டு கவரைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அண்மையில் என் மகள் புதுக் கார் எடுத்தாள், மின்சாரக் கார். அதை எடுத்த வாரமே ஒரு நாள் என் பழைய டொயோட்டா ஆல்டிஸில் ஏறி உட்கார்ந்தவள், டேஷ்போர்டின் மேல் நான் விரித்து வைத்திருக்கும் கறுப்பு கார்பெட் கவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதை முதல்ல எடுத்துப் போடுங்கப்பா, பாட்டி வீட்டு டிவிக்கு உறை போட்ட மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் அம்மா டிவிக்குப் பூப்போட்ட துணி, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் பை, சோபாவுக்கு மேல் ஒரு விரிப்பு, அந்த விரிப்பு அழுக்காகாமல் இருக்க அதன் மேல் இன்னொரு விரிப்பு என்று வாழ்ந்தவர். ஆனால் கார் விஷயம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கார் 2011ல் வாங்கியது. பத்து ஆண்டு முடிந்ததும், சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவைப்படும் உரிமைச் சான்றிதழான சிஓஇயைப் புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வாங்கிய இரண்டாம் மாதமே கவர் போட்டுவிட்டேன். மின்னியல் சாலைக் கட்டணத்துக்குப் காரில் இருந்த பழைய ஐயூ கருவியை எடுத்துவிட்டு மூன்று துண்டாக வரும் புதுக் கருவியைப் பொருத்தினார்களே, அதற்காகப் பட்டறைக்குப் போயிருந்தபோது அந்தத் தம்பி வயரை இழுக்க வசதியாக என் கவரை அப்படியே தூக்கினார். தூக்கிவிட்டு, "அங்கிள், இது மாத்தின டேஷ்போர்டா?" என்று கேட்டார். கவர் மூடியிருந்த இடம் முழுக்க வாங்கிய அன்று இருந்த அதே கறுப்பு, விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிறது. கவர் எட்டாத ஓரம், முன் கண்ணாடியை ஒட்டி இரண்டு விரல் அகலம் இருக்கும், அங்கே மட்டும் சாம்பல் பூத்து, ஏசி காற்று வரும் துளையின் மூலையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒரே பிளாஸ்டிக், ஒரே வயது. போன் எடுத்துப் படம் பிடித்து அங்கிருந்தே மகளுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது, அவ்வளவுதான்.

வெயில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டேஷ்போர்டின் மேல்தோல் பல கார்களில் வினைல். தானாக விட்டால் விறைப்பாக இருக்கும் அந்தப் பிளாஸ்டிக்கை மெத்தென்று வைத்திருக்க எண்ணெய் மாதிரி ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். சூட்டிலும் வெளிச்சத்திலும் அது மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். புதுக் காரில் நாம் மூக்கை விரித்து அனுபவிக்கிறோமே ஒரு வாசனை, அதில் இதற்கும் பங்கு உண்டு. சில மாதம் கழித்து முன் கண்ணாடியின் உட்புறத்தில் பிசுபிசுவென்று ஒரு படலம் படிகிறதே, துணியால் துடைத்தால் இழுவி இழுவிப் போகுமே, அதுவும் இதுதான். எல்லாம் போனபின் தோல் சுருங்கும், கீழே உள்ள பஞ்சு சுருங்காது, அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களை அளந்து பார்த்து 2018ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வந்ததாம். அது பாலைவனம், நம் ஊர் அப்படியில்லை என்பது சரி. ஆனால் அங்கே குளிர்காலம் என்று ஒன்று உண்டு. பூமத்திய ரேகையிலிருந்து ஒரு டிகிரி தள்ளி உட்கார்ந்திருக்கும் நமக்கு ஜனவரியிலும் வெயில், ஜூலையிலும் வெயில். புளோக் அடியில் கூரையுள்ள இடம் கிடைக்காமல் அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தின் மொட்டை மாடியில் காரை விட்டுவிட்டு மதியம் இரண்டு மணிக்கு ஸ்டியரிங்கைத் தொட்டவருக்கு அரிசோனா கதை தேவையில்லை.

டேஷ்போர்டு எப்போதும் இப்படி இருந்ததா என்றால் இல்லை. அந்தப் பெயரே குதிரை வண்டிக் காலத்தது. குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டியோட்டியின் மேல் படாமல் முன்னால் நிறுத்திய பலகைதான் முதல் டேஷ்போர்டு. கார் வந்தபிறகு அது தகடானது. 1950களின் கார்கள் பலவற்றில் முன்பக்கம் வெறும் இரும்புத் தகடு, அதற்குக் காரின் நிறத்திலேயே பெயிண்ட், விபத்து நடந்தால் முகம் போய் மோதுவது அதில்தான். டெட்ராய்ட்டில் கிளேர் ஸ்ட்ரெய்த் என்று ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், அப்படிச் சிதைந்து வந்த முகங்களைத் தைத்துத் தைத்து வெறுத்துப்போய், அதற்கு மெத்தை போடுங்கள் என்று 1930களிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார். ஃபோர்டு 1956 மாடலில்தான் மெத்தை வைத்த டேஷ்போர்டைக் கொடுத்தது, அதுவும் கூடுதல் காசு கொடுத்தால். அமெரிக்காவில் சட்டமாக வந்தது 1968 மாடல் கார்களுக்கு. ஆக உயிரைக் காக்க வந்த மெத்தைதான் வெயிலில் வெடிக்கும் மெத்தை, அதற்குத்தான் இந்தக் கவர். இரும்புத் தகட்டுக்கு யார் கவர் போட்டார்கள்?

என் மாமா 1970களில் ஒரு டட்சன் 120ஒய் வைத்திருந்தார். அந்தக் காலத்து சிங்கப்பூரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒன்று போகும். அதன் முன் கண்ணாடி இப்போதைய கார்களைப் பார்த்தால் கிட்டத்தட்ட நட்டுக்குத்தலாக நிற்கும், டேஷ்போர்டோ ஒரு முழம்கூட ஆழம் இல்லை. மாமா உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணாடியின் அடிமூலை வரை துணி போட்டுத் துடைப்பார். அந்தத் தட்டையான விளிம்பில் ஒரு பிள்ளையார், அவர் பக்கத்தில் காய்ந்துபோன எலுமிச்சம்பழம், பின் கண்ணாடியில் தலையாட்டும் நாய். ஒரு மூலையில் கொஞ்சம் வெடித்ததும் ஜாலான் புசார் பக்கம் சீட்டு தைக்கும் ஒரு சீனக் கிழவரிடம் கொண்டுபோய், பழுப்பு கார்பெட்டை அளவெடுத்து வெட்டி, ஓரம் அடித்து வாங்கிப் போட்டார். எனக்கு அதில் கையை வைத்துக்கொண்டே போவது பிடிக்கும், கிச்சுக்கிச்சு மூட்டும்.

அப்புறம் எண்ணெய் விலை ஏறியது. 1973க்குப் பிறகு எரிபொருள் மிச்சம் பிடிக்க எல்லாக் கம்பெனிகளும் காற்றுத் தடையைக் குறைக்கப் பாடுபட்டன. 1982ல் வந்த ஆடி 100ன் காற்றுத் தடை எண் 0.30 என்பதை அந்தக் கம்பெனி விளம்பரத்தில் போட்டுப் பெருமைப்பட்டது. பெட்டி மாதிரி இருந்த கார்கள் சோப்புக்கட்டி மாதிரி ஆயின, கண்ணாடி சாயத் தொடங்கியது, குரோம் பம்பர் போய் காரின் நிறத்திலேயே பிளாஸ்டிக் பம்பர் வந்தது. நம் ஊரில் 2003க்குப் பிறகு எங்கே பார்த்தாலும் ஓடியதே டொயோட்டா விஷ், அதன் முன் கண்ணாடியைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், பானட்டும் கண்ணாடியும் ஒரே கோட்டில் போகிற மாதிரி இருக்கும். வெளியிலிருந்து பார்க்க அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் போகப் போக உள்ளே டேஷ்போர்டு பாய் விரித்த மாதிரி அகலமாகிவிட்டது. அந்தப் பாய் முழுக்க வெயிலில் கிடக்கிறது, சாய்ந்த கண்ணாடியில் அதன் பிம்பம் முழுக்க நம் கண்ணில் அடிக்கிறது. கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்தை விட்டு மதிய வெயிலுக்குள் வெளியே வரும் அந்த ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள், சாலைக்கு முன்னால் ஒரு வெள்ளைத் திரை தொங்கும். டேஷ்போர்டுக்குப் பளபளப்பு மருந்து அடிக்கிறவர்களுக்கு இன்னும் மோசம். வெளிர் நிறம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே கவர் என்றால் பளபளப்பு இல்லாத, அடர் நிறத் துணியாக இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முந்தைய காருக்கு ஒரு கடையில், பெயர் வேண்டாம், தோல் மாதிரி மினுமினுக்கும் கவர் ஒன்றை 80 வெள்ளிக்கு வாங்கினேன். சிவப்பு நூலில் தையல் போட்டு ஜோராகத்தான் இருந்தது. ஓட்டினால் அந்தச் சிவப்புத் தையல் கோடுகோடாக முன் கண்ணாடியில் தெரிகிறது, ராத்திரியில் தெருவிளக்குக்கு ஒரு கோடு. அதைவிடப் பெரிய தப்பு, இடது பக்கம் பயணிக்கான காற்றுப்பை திறக்கும் மூடியையும் சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட்டார் கடைக்காரர். அந்தப் பை விரிய ஒரு நொடியை நூறு கூறாக்கினால் மூன்று நான்கு கூறு நேரம்தான் ஆகும். அதன் வழியில் நாமே பசை போட்டு ஒட்டிய பலகை மாதிரி ஒன்று கிடந்தால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் மனைவியின் முகத்துக்குத்தான் முதலில் வரும். பிய்த்து எடுத்தேன், பசைத் தடம் அந்தக் காரை விற்கும்வரை போகவில்லை. காற்றுப்பை மூடிக்கு இடம் விட்டு வெட்டாத கவரை யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அந்த மூடியின் மேல் பிள்ளையாரையும் ஒட்டாதீர்கள், காரணம் அதேதான்.

இப்போதைய கார்களுக்கு வருகிறேன். டெஸ்லா மாடல் 3 வந்ததிலிருந்து நடுவில் 15 அங்குலத் திரை ஒன்றை நிறுத்தி, வேகமானி முதல் ஏசி வரை எல்லாவற்றையும் அதற்குள் அடைப்பது வழக்கமாகிவிட்டது. 2024ல் நம் ஊரில் அதிகம் விற்ற கார் சீனக் கம்பெனியான பிஒய்டியினுடையது. அதன் ஆட்டோ 3 காரில் கதவுப் பையின் குறுக்கே கிட்டார் கம்பி மாதிரி மூன்று சிவப்புக் கம்பிகள் இருக்கும், மீட்டினால் சத்தம்கூட வரும். என் பேரன் அதைத்தான் கார் என்று நினைக்கிறான். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை, விளையாட்டாக ஒன்றிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஏசியைக் கூட்ட நான் சாலையிலிருந்து கண்ணை எடுத்து, திரையில் எங்கே இருக்கிறது என்று தேடி, விரல் வழுக்கி வானொலியை மாற்றிவிடுவதை முன்னேற்றம் என்று ஒத்துக்கொள்ள முடியவில்லை. பழைய காரில் மூன்று திருகு, கண்ணை மூடிக்கொண்டு கை போகும். ஐரோப்பாவில் கார்ப் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் யூரோ என்கேப் அமைப்பும், சைகை விளக்கு, வைப்பர், ஹாரன் மாதிரி முக்கியமானவற்றுக்குக் கையால் தொட்டு உணரும் பொத்தான் இருந்தால்தான் 2026 முதல் முழு மதிப்பெண் என்று சொல்லிவிட்டது. கிழவன் புலம்பல் என்று மகள் சொன்னதை இப்போது அதிகாரிகளே சொல்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால் பெட்டி வடிவம் திரும்ப வந்துவிட்டது. ஹியூண்டாய் ஐயோனிக் 5ஐப் பாருங்கள், அதே கம்பெனியின் 1970களின் போனி காரை மனதில் வைத்து நேர்கோடு நேர்கோடாக மடித்திருக்கிறார்கள். அந்தக் கார் 2023லிருந்து நம் ஜூரோங்கிலேயே தயாராகிறது என்பது பலருக்குத் தெரியாது. 1980ல் புக்கிட் தீமா ஃபோர்டு ஆலையை மூடியபோது இனி இங்கே யார் கார் செய்யப் போகிறார்கள் என்று மாமா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. கோடுகள் திரும்பி வந்தன, முன் கண்ணாடி மட்டும் பழையபடி நிமிரவில்லை.

கார் விற்கிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. குளுகுளு அறையில் விளக்குப் போட்டு நிறுத்தி வைத்த காரைக் காட்டிக் கையெழுத்து வாங்காதீர்கள். மதியம் ஒரு மணிக்கு வெளியே நிறுத்தி, அரை மணி நேரம் கழித்து உள்ளே உட்கார வைத்து, அப்படியே ஒரு சுற்று ஓட்டக் கொடுங்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பி பிரிவு சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போன ஊர் இது. அவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற பொருளை நம் வெயிலில் பார்த்து வாங்குவது அதிகப்படியான ஆசை இல்லை. கூடவே அந்த மாடலுக்கு அளவாக வெட்டிய, காற்றுப்பைக்கு இடம் விட்ட துணிக் கவர் ஒன்றையும் கொடுத்தால் நல்லது. மிதியடி கொடுக்கிறீர்கள், குடை கொடுக்கிறீர்கள், இதைக் கொடுத்தால் என்ன?

மகளின் காருக்கு நானே ஒரு கவர் வாங்கிக்கொண்டு போனேன். திரை இருக்கும் இடம், உணர்கருவி இருக்கும் இடம் என்று ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் விரிக்கக் கிடைத்தது ஒரு துண்டு அகலம். அதைவிட இன்னொரு சிக்கல், டேஷ்போர்டு முழுக்கச் சரிவு என்பதால் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய பித்தளைப் பிள்ளையார் எங்கே வைத்தாலும் வழுக்குகிறார். திரைக்குக் கீழே போன் சார்ஜ் ஆகும் தட்டு இருந்தது, அங்கே வைத்தாள். வேற்றுப்பொருள் இருக்கிறது, அகற்றவும் என்று திரையில் எச்சரிக்கை வந்தது. இப்போது குவளை வைக்கும் குழிக்குள், அவளுடைய பபுள் டீக்குப் பக்கத்தில் இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பீஷான்