கழிவறைக்குப் போகப் பிள்ளைகள் காரணம் சொல்ல வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் மே 19ஆம் நாள் உலகக் குடல் அழற்சி நோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் நோயின் அறிகுறிகளும் மருந்துகளும் ஓரளவேனும் பேசப்படுகின்றன. ஆனால், அந்நோயோடு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போய்வரும் பிள்ளைகள் மனத்தில் சுமக்கும் அவமானத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மருத்துவமனை ஒன்றின் குடல் நோய்ப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றும் எனக்கு, அவர்களில் பலருக்கு நோயைவிட அந்த அவமானமே பெருந்துன்பமாக இருப்பது கண்கூடாகத் தெரிகிறது. அதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடல் அழற்சி நோய் என்பது முதன்மையாகக் கிரோன் நோயையும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸையும் குறிக்கும் பொதுப்பெயர். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே குடலில் ஓயாத அழற்சியை உண்டாக்கிவிடுகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். கிரோன் நோயோ வாய் முதல் ஆசனவாய் வரை உணவுப் பாதையின் எந்தப் பகுதியையும் தாக்கக்கூடியது. இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, எடைக்குறைவு, இரத்தசோகை, எவ்வளவு ஓய்வெடுத்தாலும் தீராத அசதி ஆகியவை இவற்றின் அறிகுறிகள். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லையென்றாலும், உரிய சிகிச்சையால் நெடுங்காலம் அடக்கி வைக்க முடியும். இந்நோய் பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் தலைகாட்டுகிறது. பிறர் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற எண்ணம் மிகுதியாக வாட்டும் பருவத்தில், வெளியில் சொல்லவே கூசுகிற ஒரு நோய் வந்து சேர்கிறது.

இந்த அவமானம் தொடங்கும் இடம் பெரும்பாலும் வகுப்பறைதான். அழற்சியுற்ற மலக்குடல் போதிய அளவு விரிந்துகொடுக்காது என்பதால், மலத்தைத் தேக்கி வைக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது; உணர்வு தோன்றிய சில நிமிடங்களுக்குள் கழிவறையை அடைந்தாக வேண்டும். 'கொஞ்சம் அடக்கிக்கொள்' என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வதில் பொருளே இல்லை. ஆனாலும், கையை உயர்த்தி அனுமதி கேட்கும் பிள்ளையிடம் வகுப்பு முழுவதும் கேட்கும்படி 'இப்போதுதானே போய் வந்தாய்?' என்று வினவுவது நம் ஆசிரியர்களுக்கு இயல்பான ஒன்றாக இருக்கிறது. அதைத் தொடர்ந்து எழும் சிரிப்பை அந்தப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை. எங்கள் பிரிவுக்கு வரும் மாணவன் ஒருவன், பள்ளி நாள்களில் காலையிலும் நண்பகலிலும் ஒன்றுமே உண்ணாமல் இருந்து, மாலையில் வீடு திரும்பிய பிறகே வாயில் உணவை வைப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டிருந்தான். அவனுடைய எடை ஏன் ஏறவில்லை என்று மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, விடை அவனுடைய மூடிய உணவு டப்பாவில் இருந்தது. பிள்ளைகளின் உயர வளர்ச்சியையும் பருவமடைவதையும் பின்தள்ளக்கூடிய நோய் இது. அதற்கு மேல் பட்டினியும் சேர்ந்தால் என்னவாகும்?

மருந்துகளும் தம் பங்குக்கு அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நோய் தீவிரமடையும்போது கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மாத்திரைகளால் சில வாரங்களில் முகம் உப்பி வட்டமாகிவிடும், முகப்பரு பெருகும், எடை கூடும். கண்ணாடி முன் நெடுநேரம் நிற்கும் வயதில், 'என்ன இப்படி ஊதிப்போய்விட்டாய்' என்று யாரோ விளையாட்டாகச் சொல்லும் ஒரு சொல், மாத்திரையைக் குப்பையில் எறியச் செய்துவிடும். பல வாரங்கள் உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால், உடலுக்கு இன்றியமையாத கார்டிசோலை அட்ரினல் சுரப்பிகளால் போதிய அளவு சுரக்க முடியாமல் உயிருக்கே ஆபத்து நேரலாம்; அதனாலேயே மருத்துவர்கள் அதைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். ஒருவருடைய தோற்றத்தைப் பற்றிப் போகிற போக்கில் கருத்துச் சொல்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

அவமானத்தோடு பழியும் சேர்ந்துகொள்கிறது. கண்டதைத் தின்றதால் வந்தது என்பார்கள். வீண்கவலையால் வந்தது என்பார்கள். மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இப்படித்தான் எண்ணியது. 1950இல் சிகாகோவைச் சேர்ந்த உளப்பகுப்பாய்வு மருத்துவர் பிரான்ஸ் அலெக்சாண்டர், மனப் போராட்டங்களோடு தொடர்புபடுத்திய ஏழு நோய்களில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸையும் சேர்த்திருந்தார். ஆனால், கிரோன் நோயோடு தொடர்புடைய நாட்2 என்னும் மரபணு 2001இல் அடையாளம் காணப்பட்டது; இன்று அத்தகைய மரபணுப் பகுதிகள் இருநூறுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. மரபுக்கூறு, குடல்வாழ் நுண்ணுயிரிகள், சுற்றுச்சூழல், நோய் எதிர்ப்பு மண்டலம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னி இந்நோயை உண்டாக்குகின்றன என்பதே இப்போதைய புரிதல். மன அழுத்தம் அறிகுறிகளைக் கூட்டலாம் என்பது வேறு, மன அழுத்தத்தால்தான் நோய் வந்தது என்பது வேறு. முன்னதைச் சொல்லும்போது பிள்ளைக்கு உதவுகிறோம். பின்னதைச் சொல்லும்போது அவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

பெற்றோரிடம் நான் பணிவோடு சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. 'இதை யாரிடமும் சொல்லாதே' என்று அவர்கள் பிள்ளையிடம் கூறுவது அன்பினால்தான். பிள்ளையை யாரும் ஏளனம் செய்துவிடக் கூடாது என்ற அச்சத்தினால்தான். ஆனால், அந்தச் சொல்லைக் கேட்கும் பிள்ளை, தன் உடலில் நேர்ந்திருப்பது வெட்கப்பட வேண்டிய ஒன்று என்றே அதை எடுத்துக்கொள்கிறது. அப்படி எடுத்துக்கொண்ட பிள்ளைகள்தாம் மலத்தில் மீண்டும் இரத்தம் வருவதை மாதக்கணக்கில் வீட்டிலும் மறைத்து, நிலைமை கைமீறிய பிறகு எங்களிடம் வருகிறார்கள். நோயைப் பற்றி யாரிடம், எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை நோயுற்றவருக்கே உரியது. எவரிடமும் சொல்லாமல் இருப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கும். நம்மால் செய்ய முடிந்தது, சொல்ல விரும்பினால் அச்சமின்றிச் சொல்லக்கூடிய சூழலை உருவாக்கித் தருவதே.

எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் மருந்தை இரத்தக் குழாய் வழியாக ஏற்றிக்கொள்ள வரும் இளைஞர்கள், எங்கள் பிரிவில் சில மணி நேரம் நாற்காலியில் சாய்ந்திருப்பார்கள். ஒருமுறை, போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டு கிடந்த ஒரு மாணவியிடம், பக்கத்து நாற்காலியில் இருந்த சற்று மூத்த பெண், 'புது இடத்துக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்றுதானே பார்ப்பாய்?' என்று கேட்டாள். போர்வை விலகியது. மருந்து ஏறி முடிந்த பின்னும் இருவரும் எழுந்து போகவில்லை. நாங்கள் பலமுறை பேசியும் நிகழாதது அன்று நிகழ்ந்தது. ஒத்த வயதுடைய நோயாளிகளை, அவர்களுடைய விருப்பத்தோடு, ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வைப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மருத்துவமனைகள் கருத வேண்டும் என்று அன்று முதல் வற்புறுத்தி வருகிறேன்.

புகழ்பெற்றவர்கள் தம் நோயை வெளிப்படையாகப் பேசுவதும் உதவுகிறது. பிரிட்டனின் படகோட்டி ஸ்டீவ் ரெட்கிரேவுக்கு 1992இல் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருப்பது கண்டறியப்பட்டது. அதற்குப் பின்னரும் 1996, 2000 ஒலிம்பிக் போட்டிகளில் அவர் தங்கம் வென்றார். ஜப்பானின் பிரதமராக இருந்த ஷின்சோ அபே, பதின்பருவம் முதல் தம்மை வாட்டிய அதே நோய் மீண்டும் தலைதூக்கியதால் பதவி விலகுவதாக 2020இல் நாட்டு மக்கள் முன் அறிவித்தார். என்னைக் கேட்டால், இளைஞர்களுக்குப் பதக்கக் கதையைவிட அபேயின் அறிவிப்பே கூடுதல் ஆறுதல் தரும் என்பேன். நோயை வென்றுகாட்டினால்தான் மதிப்பு என்றாகிவிட்டால், படுக்கையைவிட்டு எழ முடியாத நாளில் அந்தப் பிள்ளை எங்கே போவது?

ஸ்டோமா பற்றியும் ஓரிரு சொற்கள். சிலருக்குக் குடலின் ஒரு பகுதியை அகற்றி, வயிற்றின் மேற்பரப்பில் திறப்பு அமைத்து, மலம் ஒரு பையில் சேரும்படி அறுவைச் சிகிச்சை செய்ய நேரிடுகிறது. உடைக்கு அடியில் அது பெரும்பாலும் வெளியில் தெரிவதே இல்லை. அதோடு நீந்துகிறார்கள், விளையாடுகிறார்கள், திருமணம் செய்து குழந்தை பெறுகிறார்கள். ஆண்டுக்கணக்கான வலி அதனால் தீர்ந்தது என்று சொல்பவர்கள் பலர். அதை வாழ்க்கையின் முடிவாகப் பார்ப்பதையும் அதைச் சொல்லி ஒருவரைக் கேலி செய்வதையும் நாம் நிறுத்த வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்குச் செலவே இல்லை. 2005இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், கிரோன் நோயுள்ள ஒரு சிறுமிக்குக் கடையொன்றில் கழிவறை மறுக்கப்பட்டதைத் தொடர்ந்து, இத்தகைய நோயாளிகளைப் பணியாளர் கழிவறையைப் பயன்படுத்தக் கடைகள் அனுமதிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. அச்சிறுமியின் பெயரால் ஆலி சட்டம் என்று அழைக்கப்படும் அதை அந்நாட்டின் வேறு பல மாநிலங்களும் பின்பற்றின. பள்ளிக்கு அத்தகைய சட்டம்கூடத் தேவையில்லை. தலைமையாசிரியரின் ஒரு சுற்றறிக்கை போதும். மருத்துவச் சான்று கொடுத்த மாணவர், ஆசிரியரிடம் கேட்காமலே எழுந்து செல்லலாம், வாயிலுக்கு அருகில் அமரலாம், தேர்வறையில் கழிவறைக்குச் சென்ற நேரம் ஈடுசெய்யப்படும் என்று அதில் இருந்தால் போதுமானது. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாளும் உள்ளே தண்ணீரும் சோப்பும் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். சான்றிதழ் அலுவலகக் கோப்பிலேயே இருக்கட்டும். வகுப்பில் அதை வாசித்துக் காட்ட வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உடல்நலப் பக்கத்தில் இந்நோயைப் பற்றி எழுதும்போது, மலம், இரத்தம், கழிவறை ஆகிய சொற்களைத் தயங்காமல் அச்சிடுங்கள். மருத்துவர்களின் கருத்தோடு, பெயர் வெளியிடாமல், இந்நோயோடு வாழும் ஓர் இளைஞரின் குரலுக்கும் இடம் கொடுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் வயிற்றுப்போக்கோ, மலத்தில் இரத்தமோ இருந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்பையும் அதன் அருகிலேயே கட்டமிட்டு வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
குடல் நோய்ப் பிரிவுச் செவிலியர் ஒருவர்