படம் ஆடியதற்குப் பெட்டி மட்டும் காரணமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

பண்ணையில் வளர்ந்தவர்களின் ஆரம்பகால டிவி நினைவுகளை உங்கள் நாளிதழில் படித்தேன். படம் சரியாக விழாததற்கு எல்லோரும் பெட்டியைத்தான் திட்டியிருக்கிறார்கள். வால்வு டிவி (டிரான்சிஸ்டருக்கு முந்தைய, கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் பழைய பெட்டி) பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் பெரும்பகுதிக் குற்றம் தோட்டத்தில்தான் இருந்தது.

டிராக்டர் போனால் திரை முழுக்கப் புள்ளி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பெட்ரோல் வண்டியாகத்தான் இருக்கும். ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கும் ஒவ்வொரு முறையும் ரேடியோ அலை கிளம்பி ஆன்டெனாவில் ஏறும். டீசல் எஞ்சினுக்கு அந்தப் பொறி தேவையில்லை. ஜன்னலை ஒட்டி ஓடினாலும் படத்தில் புள்ளி விழாது. நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கோடு வெட்டினால் மின்வேலியைப் பார்க்க வேண்டும். கம்பியில் புல் உரசும் இடத்திலோ துருப்பிடித்த முடிச்சிலோ பொறி பறக்கும். புல்லை அறுத்து, முடிச்சைச் சுரண்டி இறுக்கினால் தீர்ந்தது. மோட்டார் போட்டதும் படம் சுருங்கினால் அது வோல்டேஜ் இறக்கம், வேறொன்றுமில்லை.

இரட்டை உருவம்தான் சுவாரசியமானது. நேராக வரும் அலையோடு, தகரக் கொட்டகையிலோ தானியக் கோபுரத்திலோ பட்டுத் திரும்பும் அலையும் தாமதமாக வந்து சேர்வதால் வருவது அது. அலை 1 மைக்ரோ நொடியில் 300 மீட்டர் போகும். படத்தை 625 கிடைக்கோடுகளாக வரையும் முறையில், கோடு வரையும் ஒளிப்புள்ளி திரையின் அகலத்தை ஒருமுறை கடக்க 52 மைக்ரோ நொடி ஆகும். எனவே 40 செ.மீ. அகலத் திரையில் நிழல் உருவம் 8 மி.மீ. வலப்பக்கம் தள்ளித் தெரிந்தால், அந்த அலை சுமார் 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது. ஸ்கேலை வைத்து அளந்தே எந்தக் கொட்டகை என்று ஊகித்துவிடலாம்! ஆன்டெனாவைத் திருப்பும்போது படம் அதிகப் பளிச்சென்று தெரியும் இடத்தில் நிறுத்தக் கூடாது. நிழல் மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். இரண்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

ஆன்டெனாவிலிருந்து பெட்டிக்குக் கீழே இறங்கும் 300 ஓம் ரிப்பன் வயரும் (இரண்டு கம்பி ஓடும் தட்டை வயர்) பாடாய்ப்படுத்தும். அதை இரும்புக் கம்பத்தோடு ஒட்டிக் கட்டினால் சிக்னல் கெடும். ஒரு சாண் தள்ளி, தாங்கிகளில், இடையிடையே முறுக்கிக் கொண்டுவர வேண்டும். பழைய ரிப்பன் வெயிலில் வெடித்திருந்தால் மழை நாளில் ஈரம் இறங்கிப் படம் மங்கும். "மழை வந்தால் டிவி தெரியாது" என்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். ஆன்டெனா நீளமும் சேனலுக்குத் தக்கபடி மாறும். 143-ஐ அந்தச் சேனலின் அதிர்வெண்ணால் (மெகாஹெர்ட்ஸில்) வகுத்தால் நீளம் மீட்டரில் கிடைக்கும். 60 மெகாஹெர்ட்ஸுக்குச் சுமார் 2.4 மீட்டர், 200-க்கு 70 செ.மீ. சொச்சம். ஒன்றுக்குச் செய்த ஆன்டெனா மற்றதற்குச் சரிப்படாமல் போவது இதனால்தான்.

கட்டுரையைப் படித்த ஆசையில் கொட்டகையில் கிடக்கும் பெட்டியை எடுத்து யாரும் நேராக பிளக்கில் செருகிவிட வேண்டாம். இத்தனை வருடம் சும்மா கிடந்த கெப்பாசிட்டர்கள் (மின்னைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) காய்ந்து, மின்சாரத்தைக் கசிய விடும். அதிலேயே டிரான்ஸ்பார்மர் புகைந்துவிடும். எலி கடித்த வயரையும் முதலில் பாருங்கள். பிறகு பெட்டிக்குப் போகும் மின்சாரம் பல்பின் வழியாகவே போகும்படி 100 வாட் குண்டு பல்பைத் தொடராக இணைத்து சுவிட்ச் போடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் நின்று எரிந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். பிக்சர் டியூபின் பக்கவாட்டில் ரப்பர் மூடி போட்ட கம்பியைத் தொடவே கூடாது. அங்கே 10,000 வோல்ட்டுக்கு மேல் வரும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நெடுநேரம் தங்கியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டிவி மெக்கானிக்