வீடியோவை மட்டும் வாங்காதீர்கள், ஃபோல்டரையும் திறந்து பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கல்லூரிகளில் பருவந்தோறும் குழு வீடியோ செய்முறை வைத்து மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

எழுதுவது இறுதியாண்டு மாணவன். கேட்பது ஒன்றுதான். முடிந்த ஐந்து நிமிட வீடியோவை மட்டும் பென்டிரைவில் வாங்கி மதிப்பெண் போடாதீர்கள். அதற்காக எடுத்த மொத்த ஃபுட்டேஜும் இருக்கிற ஃபோல்டரையும் சேர்த்துக் கேளுங்கள். முடிந்த வீடியோ சாமர்த்தியமாகப் பொய் சொல்லும். மேலே ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு வினாடிக்கு ஒரு வெட்டு வெட்டி, கலரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் எந்த ஓட்டையும் வெளியே தெரியாது. ஃபோல்டருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. எத்தனை மணிக்குப் படப்பிடிப்பு தொடங்கியது, மைக் செருகியிருந்ததா, பேசியவரை முடிக்க விட்டார்களா, நடுவில் யார் கொட்டாவி விட்டார்கள் என்பது வரை அதில் கிடக்கும்.

இப்போதுள்ள ஏற்பாட்டில் என்ன நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். எட்டுப் பேர் குழுவில் யாரிடம் லேப்டாப் இருக்கிறதோ அவர் எடிட்டர். கடைசி இரண்டு இரவும் அவர் தலையில். போன் வைத்திருந்தவர் கேமராமேன். மீதி ஆறு பேர் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'ஒருங்கிணைப்பு'. எட்டுப் பேருக்கும் ஒரே மதிப்பெண்.

ஒலியிலிருந்து தொடங்குகிறேன். ஒளிப்பதிவு, எடிட்டிங், கதை என்று பங்கு பிரிக்கும் மதிப்பெண் அட்டவணைகளில் பெரும்பாலும் ஒலிக்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. தேவகோட்டை ரஸ்தாவில் ஏவிஎம் ஸ்டூடியோ நடந்து, 1947-இல் வெளியான 'நாம் இருவர்' எடுக்கப்பட்ட ஊர் இது. இங்கே ஒலிக்கு மதிப்பெண் இல்லை என்பது கொஞ்சம் உறுத்துகிறது.

செட்டிநாட்டு வீடு கண்ணுக்கு எவ்வளவு அழகோ, மைக்குக்கு அவ்வளவு பொல்லாதது. கீழே பளிங்கு அல்லது ஆத்தங்குடி கல். சுவரோ சுண்ணாம்புக் கலவையில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. உயரமான கூரை. ஒலியை உறிஞ்சத் துணியே இல்லாத இடத்தில் பேச்சு சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். பட்டாலை என்னும் கூடத்தில் ஆச்சியை உட்கார வைத்து, ஆறடி தள்ளி ஸ்டாண்டில் போனை நிறுத்தி எடுத்தால், அவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதாகத்தான் கேட்கும். பிறகு எந்த மென்பொருளைக் கொண்டும் அதை முழுக்க எடுக்க முடியாது. எதிரொலியைச் சுரண்டுகிற கருவி குரலையும் சேர்த்துச் சுரண்டும். மிச்சம் வருவது தகரக் குரல்.

செய்ய வேண்டியது எளிது, செலவும் குறைவு. காலர் மைக்கை மோவாய்க்கு ஒரு சாண் கீழே வையுங்கள். சேலைத் தலைப்பில் மாட்டினால் ஒவ்வோர் அசைவுக்கும் உரசும். கழுத்துச் சங்கிலி வந்து மோதினால் அது தனி இம்சை. தோள் பக்கம் துணி அசையாத இடம் பார்த்து மாட்டி, வயரை ஒரு சுற்று வளைத்து டேப் ஒட்டிவிட வேண்டும். அந்த வீட்டிலேயே ஜமுக்காளம் இருக்கும். கேட்டு வாங்கி ஒன்றைக் காலடியில் விரித்து, இன்னொன்றைக் கேமராவுக்குப் பின்னால் கொடியில் தொங்கவிட்டால் பாதி எதிரொலி அடங்கும். ஃபேனை நிறுத்த வேண்டும். ஃபிரிட்ஜையும் நிறுத்த வேண்டும். நிறுத்தியவர் தன் பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடட்டும். கிளம்பும்போது சாவி தேடுவார், ஃபிரிட்ஜ் ஞாபகம் வரும், அந்த வீட்டுப் பால் கெடாது.

மைக் வயரின் முனையில் இருக்கும் பின்னில் ஒரு வம்பு உண்டு. போனுக்கான 3.5 மி.மீ. காலர் மைக் பின்னில் மூன்று கறுப்புக் கோடு, கேமராவுக்கான பின்னில் இரண்டு கோடு. மாற்றிச் செருகினால் கருவி மைக்கையே கண்டுகொள்ளாது, அல்லது இரைச்சல் மட்டும் பதியும். சில போன்களில் மைக் செருகியிருந்தாலும் கேமரா ஆப் தன் சொந்த மைக்கிலேயே பதியும். பரிசோதனைக்கு அரை நிமிடம் போதும்: காலர் மைக்கை நகத்தால் சுரண்டிப் பத்து வினாடி பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். சுரண்டல் பெரிதாகக் கேட்டால் சரி. ஒலி அளவு காட்டும் ஆப்பாக இருந்தால், சத்தமாகப் பேசும்போது முள் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுச் சிவந்தால் அந்த வார்த்தை உடைந்தது உடைந்ததுதான்.

பேட்டி முடிந்ததும் யாரும் எழுந்திருக்காமல் அரை நிமிடம் சும்மா பதிய வேண்டும். அந்த அறையின் வெறும் அமைதி அது. எடிட்டில் ஓர் இருமலையோ திக்கலையோ வெட்டிய இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால், கரன்ட் போனது போலக் காது திடுக்கிடும். அங்கே இந்த அமைதியை ஒட்ட வேண்டும். ஃபோல்டரைத் திறந்ததும் முதலில் இதைத் தேடுங்கள். இருந்தால், ஹெட்போன் மாட்டிக்கொண்டு கவனித்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்.

அடுத்து வெளிச்சம். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், நடுமுற்றம் கொதிக்கிற வெயில். சுற்றிவரத் தூணுக்குப் பின்னால் தாழ்வாரம் இருட்டு. முற்றம் பின்னால் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பேசுகிறவரை அதற்கு முதுகு காட்டி உட்கார வைத்தால் முகம் கரிக்கட்டை. போன் தானாகவே சரிசெய்யப் பார்த்து முகத்துக்கு ஒரு தடவை, வானத்துக்கு ஒரு தடவை என்று கூட்டிக் குறைக்கும். படம் மூச்சு வாங்கும். ஆளைத் தாழ்வாரத்தின் ஓரத்தில் முற்றத்தைப் பார்க்க உட்கார வையுங்கள், முற்றம் கேமராவின் முதுகுப் பக்கம் வரட்டும். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டால் போதும். காலை பத்து மணிக்குள், இல்லையென்றால் மாலை மூன்றரைக்கு மேல்.

ட்யூப் லைட்டில் எடுத்த படத்தில் கோடு கோடாக உருளுவதற்குக் காரணம் நம் மின்சாரம். அது 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 வினாடி என்று கையால் வைத்தால் உருளாது. ஃபிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை படம் என்பதை, 25 என்று எல்லாப் போனிலும் முதல் நாளே ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும். போன்கள் பெரும்பாலும் சீரான வேகத்தில் பதிவதில்லை, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேமைக் கூட்டிக் குறைக்கும். தனியாகப் பதிந்த ஒலியோடு சேர்த்தால், இருபது நிமிடப் பேட்டியின் தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்தும், கடைசியில் விலகி நிற்கும். எடிட்டுக்கு முன் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்' என்று தேர்ந்து மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

தலைப்புக்கு வருகிறேன். 'ஆத்தங்குடி கல்' என்ற தலைப்பை ஒவ்வோர் ஆண்டும் ஒரு குழுவாவது எடுக்கும். நல்ல தலைப்புதான், ஆனால் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதால் கெடுகிறது. கண்ணாடித் துண்டின் மேல் சட்டத்தை வைத்து, உள்ளே பூ அச்சை இறக்கி, அறை அறையாகச் சாயக் கலவையைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். அதன் மேல் உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார்கள். சூளையே கிடையாது. பார்க்கிறவர்கள் காத்திருப்பது கண்ணாடி கழன்று பளபளப்பான முகம் தெரிகிற காட்சிக்கு. அன்று ஊற்றிய கல்லில் அன்றே அது கிடைக்காது. காய வேண்டும், தண்ணீர்த் தொட்டியில் ஊற வேண்டும். இன்னொரு நாள் போகாத குழு, முன்பு செய்து அடுக்கிய வேறு பூ போட்ட கல்லைக் காட்டி ஒப்பேற்றும். மஞ்சள் பூ ஊற்றுவார்கள், பச்சைப் பூ வெளிவரும்.

அங்கே ஒரு வசதியும் இருக்கிறது: அதே பூவை அவர்கள் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். முதல் கல்லுக்குத் தூரத்திலிருந்து முழு ஆள், இரண்டாவதுக்கு நேர் மேலிருந்து அச்சு, மூன்றாவதுக்குக் கையும் கரண்டியும் மட்டும். மூன்றையும் கோத்தால் ஒரே கல் போல ஓடும். ஒவ்வொரு ஷாட்டையும் பத்து வினாடியாவது அசையாமல் பிடிக்க வேண்டும். ஃபோல்டரில் மூன்று நான்கு வினாடித் துண்டுகளாகவே நிறைந்திருந்தால், போனை வீசி வீசி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்; அந்த வேகமான எடிட்டின் ரகசியமும் அதுதான்.

கண்டாங்கிச் சேலையைப் படமெடுக்கப் போகும் குழுவுக்குத் தறிச் சத்தம். தறி ஓடும்போது பேட்டி எடுத்தால் இரண்டும் வீண். பேச்சைத் தறியை நிறுத்திவிட்டு எடுங்கள், தறியின் ஒலியைத் தனியாக இரண்டு நிமிடம் பதியுங்கள், எடிட்டில் அடியில் மெதுவாக ஓடவிடுங்கள். 2019-இல் கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற வரியை வீணை இசையோடு வாசிப்பதற்கு நெசவாளர் வீட்டுக்குப் போகவே தேவையில்லை. ஒரு சேலைக்கு எத்தனை நாள், கூலி எவ்வளவு, அடுத்து நெய்ய வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்ட கேள்விகள் ஃபோல்டரில்தான் இருக்கும், அல்லது இருக்காது.

அனுமதி விஷயத்தில் நீங்கள்தான் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். இங்கே பெரிய வீடு என்பது பல பங்காளிகளுக்குப் பொது. வாசல் சாவி வைத்திருப்பவர் 'எடுத்துக்கோங்க தம்பி' என்று சொல்வது மற்ற பங்குதாரர் சம்மதம் ஆகாது. துறை முத்திரையுடன் ஒரு கடிதம், வீட்டின் எந்தக் கட்டு (பகுதி) வரை போகலாம், எங்கே வெளியிடுவார்கள் என்ற இரண்டு வரி, வீட்டாரின் கையெழுத்து. அதைப் போனில் படமெடுத்து ஃபோல்டரில் வைத்துவிடலாம். கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்க 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது; நகரத்தார் கோயில் எதையாவது தலைப்பாகக் கொடுக்கும் முன் அங்கே என்ன நடைமுறை என்று நீங்களே விசாரித்துவிடுங்கள்.

'அவ்வளவு ஃபுட்டேஜை எதில் வாங்குவது' என்று கேட்பீர்கள். வினாடிக்கு 20 மெகாபிட் என்று பதிந்தால் நிமிடத்துக்கு 150 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 9 ஜிபி. ஐந்து நிமிட வீடியோவுக்கு ஒரு மணி நேர ஃபுட்டேஜ் தாராளம். 32 ஜிபி பென்டிரைவ் போதும், ஆனால் அதை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்திருக்க வேண்டும். பழைய ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. நிறுத்தாமல் எடுத்த அரைமணி நேரப் பேட்டி அங்கேதான் மாட்டும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நசுங்கிவிடும், 'டாக்குமென்ட்' என்று இணைத்தால் நசுங்காது. கோப்புகளுக்குத் தேதி, எடுத்தவர் பெயர், வரிசை எண் என்று பெயர் வைத்து, இரண்டு இடத்தில் பிரதி வைத்த பிறகே போனில் அழிக்க வேண்டும். எடிட் தொடங்கிய பின் பெயரையோ ஃபோல்டரையோ மாற்றினால் 'மீடியா ஆஃப்லைன்' என்று திரை சிவக்கும். ஆய்வகக் கணினியில் 8 ஜிபி ரேம்தான் என்றால் ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறிய பிரதி) போட்டுத்தான் வெட்ட வேண்டும்.

தமிழ் எழுத்துக்கும் ஒரு சொல். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளின் கிராஃபிக்ஸ் செட்டிங்கில் தெற்காசிய எழுத்துமுறையைத் தேர்வு செய்யாவிட்டால் 'கொத்தமங்கலம்' என்பதில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிற்கும். தானாக எழுதும் சப்டைட்டிலை நம்பி 'வளவு' என்பதை 'அளவு' என்று விட்டுவிடக் கூடாது. பேசியவரின் பெயரை அவரையே எழுதித் தரச் சொல்லிப் படமெடுத்துக்கொள்வது நல்லது.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். குழுவை நான்கு பேராகக் குறையுங்கள்: கேமரா, ஹெட்போன், கேள்வி, குறிப்பு. குறிப்பு எழுதுபவர் நேரமும் சொன்ன வரியும் நோட்டில் எழுதுவார். எடிட்டுக்கு அதுதான் வரைபடம். இரண்டாம் நாள் வேலையை மாற்றிக்கொள்ளட்டும். பிறகு, ஒரே ஃபுட்டேஜிலிருந்து நான்கு பேரும் தனித்தனியே ஒரு நிமிடம் வெட்டித் தரச் சொல்லுங்கள். லேப்டாப் இல்லாதவர் போனிலேயே வெட்டலாம். நூற்றில் 40 ஃபோல்டருக்கும் நோட்டுக்கும், 30 அந்த ஒரு நிமிடத்துக்கு, 30 மட்டும் குழுவாகச் செய்த வீடியோவுக்கு. வாய்மொழித் தேர்வில் ஃபோல்டரிலிருந்து ஏதோ ஒரு கோப்பை ஓட்டி, 'இது ஏன் கடைசி வீடியோவில் இல்லை?' என்று கேளுங்கள். கூடப் போகாதவரால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. நான்கு பேர் குழு, குழுவுக்கு ஒரு மணி நேர ஃபுட்டேஜ், அதை முழுக்கப் பார்க்க உங்களுக்கு நேரம் ஏது என்பதும் நியாயம்தான். முழுக்க வேண்டாம். பேட்டியில் ஐந்து நிமிடம், அந்த அரை நிமிட அமைதி, நோட்டில் ஒரு பக்கம்.

துறை அலமாரியில் உறையோடு பூட்டிக் கிடக்கும் பெரிய கேமரா எங்களுக்கு வேண்டாம். குழுவுக்கு ஒரு பை கொடுங்கள்: ஒரு டிரைபாட், போன் பிடிப்பான், காலர் மைக், இரண்டு வகைப் பின், காதை மூடுகிற ஹெட்போன், டேப் ஒரு சுருள். பை திரும்பி வரும்போது மைக்கில் பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்களா என்று பார்த்து வாங்குங்கள். விடுமுறை முழுக்க உள்ளேயே கிடந்தால் கசிந்து, அடுத்த ஆண்டுக்காரர்களுக்கு மைக் இருக்காது.

இப்படிக்கு,
இறுதியாண்டு மாணவன், காரைக்குடி