செப்டம்பர் 10-ஆ, 21-ஆ?

லண்டன்

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? குளிர் வந்துவிட்டது, சாயங்காலம் 4 மணிக்கே இருட்டிவிடுகிறது. புத்தகம் படிக்கிறவர்களுக்கென்றே செய்த ஊர் போலிருக்கிறது.

சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது 1746 செப்டம்பர் 10 என்று ஒரு புத்தகமும் 21 என்று இன்னொன்றும் சொல்கின்றன, எது பிழை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரி மாமா. இங்கிலீஷ்காரர்கள் 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியைத்தான் வைத்திருந்தார்கள். பிரான்ஸ் 1582-லேயே இப்போது நாம் வைத்திருக்கும் கிரிகோரியனுக்கு மாறிவிட்டது. 18-ஆம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம், 17-ஆம் நூற்றாண்டில் 10 நாள். அதனால் சென்னையில் 10, புதுச்சேரியில் 21. தரங்கம்பாடி டேனியர்கள் 1700-இலேயே மாறிவிட்டார்கள், அவர்களுடைய காகிதங்களையும் சேர்த்துப் படித்தால் தலை சுற்றும்.

சரிபார்க்க ஒரு சுலப வழி கிழமை. நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. ஜூலியன் 10, கிரிகோரியன் 21 இரண்டும் புதன்கிழமை. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை ஐரோப்பியத் தேதியோடு தமிழ் வருஷம், மாதம், கிழமை எல்லாம் போடுகிறவர். உங்களிடம் இருக்கும் தொகுதியில் அட்சய வருஷம் புரட்டாசி மாதத்தைப் பிரித்துப் பாருங்கள். கிழமை ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் படியெடுத்தவரோ அச்சுக்கோத்தவரோ வழுக்கியிருப்பார்.

இன்னொரு பொறி வருஷப் பிறப்பு. 1752-க்கு முன் இங்கிலீஷ்காரர்களுக்கு வருஷம் மார்ச் 25-இல் பிறக்கும். ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் 24 வரைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக் கடிதங்களில் பழைய வருஷமே இருக்கும். நாம் 1640 பிப்ரவரி என்பதை அவர்கள் 1639 பிப்ரவரி என்று எழுதுவார்கள். கவனமான ஆசிரியர் 1639/40 என்று இரண்டையும் போடுவார். போடாதவரை நம்பி ஒரு நிகழ்ச்சியை ஒரு வருஷம் முன்னால் தள்ளிவிடுகிறோம், பிறகு காரண காரியமே தலைகீழாகிறது. புதுப் புத்தகம் வாங்கும்போது முன்னுரையில் தேதியைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் ஆசிரியரைச் சோதிக்க வேறு பரீட்சை தேவையில்லை என்பது என் கட்சி.

இங்கே பிரிட்டிஷ் நூலகத்தில் கம்பெனி ஆவணங்களும், அதற்குப் பின் இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் ஆவணங்களும் இருக்கின்றன. அலமாரிகளை வரிசையாக நீட்டினால் ஏறத்தாழ 14 கிலோமீட்டர் என்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஆசிய, ஆப்பிரிக்கப் படிப்பறை. வாசகர் அட்டைக்குக் கட்டணம் இல்லை. அடையாளச் சான்று காட்ட வேண்டும். கோட்டு, பை எல்லாம் கீழே பெட்டகத்தில் பூட்டிவிட்டு, வேண்டியதை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் எடுத்துப் போக வேண்டும். பேனா கூடாது, பென்சில் மட்டும். கையுறை போடச் சொல்வார்கள் என்று நினைப்போம், இல்லை. உறை போட்ட விரலுக்குத் தாளின் மெல்லிசு தெரியாது, ஓரம் கிழியும். கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கைதான். புத்தகத்தை மேசையில் தட்டையாக விரிக்கக் கூடாது. முதுகு விரிசல் விடும். சாய்வான நுரைக் கட்டைகளில் வைத்து, துணி உறைக்குள் தைத்த கனமான நீளச் சரத்தைப் பக்கத்தின் மேல் கிடத்துவார்கள். அதற்கு இவர்கள் வைத்த பேர் பாம்பு.

கையெழுத்துதான் முதலில் படுத்தும். 'எஸ்' இரட்டையாக வந்தால் முதல் 'எஸ்'ஸை 'எஃப்' மாதிரி நீட்டி எழுதியிருப்பார்கள். ஊர்ப்பெயரும் நம் உச்சரிப்பில் தேடினால் அகப்படாது. நம் கடலூர்த் தேவனாம்பட்டினத்தை டெக்னபட்டம், டெவனபட்டம் என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். புத்தகத்தின் பின்னால் உள்ள பெயரடைவில் ஒரு பெயரைத் தேடும்போது நாலு எழுத்துக்கூட்டலாவது முயன்று பார்க்க வேண்டும்.

தேவனாம்பட்டினம் என்றதும் நினைவு வருகிறது. 1746 முதல் 1752 வரை கம்பெனிக்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடம் நம்மூர் செயின்ட் டேவிட் கோட்டைதான். 1749-இல் சென்னை திரும்பக் கிடைத்த பிறகும் மூன்று வருஷம் அங்கேயே இருந்தது. அந்த ஆண்டுகளின் செய்தியைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைத் தொகுதிகளில் தேடிச் சலிக்காதீர்கள், செயின்ட் டேவிட் தொகுதிகளில் பாருங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம் போகும்போது கேட்டால் அச்சிட்ட பிரதிகளே கிடைக்கும், லண்டன் வர வேண்டியதில்லை.

பண விஷயமும் கேட்டிருந்தீர்கள். சென்னையை இங்கிலீஷ்காரர்களுக்குத் திரும்ப விட்டுக்கொடுக்க, அதைப் பிடித்த பிரெஞ்சுக் கப்பற்படைத் தலைவர் லா பூர்தொனே பேசிய தொகை 11 லட்சம் வராகன், அதாவது அந்தக் காலத்துப் பொற்காசு. இதை 3½ ரூபாயால் பெருக்கி 38½ லட்சம் ரூபாய் என்று போடும் புத்தகங்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது 1818-இல் சென்னை அரசு ரூபாய்க்கு மாறியபோது வைத்த கணக்கு. அதற்கு முந்தைய காலத்தில் காசு மாற்றும் விகிதம் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். வராகனை வராகனாகவே விட்டு, அதே ஆண்டு ஒரு சிப்பாய்க்கு என்ன சம்பளம், நெல் என்ன விலை என்று பக்கத்தில் வைத்தால்தான் தொகையின் கனம் தெரியும்.

பிள்ளையின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் 12 தொகுதி, 1904 முதல் 1928 வரை சென்னையில் அச்சானது. முதல் மூன்றுக்கு பிரைஸும் ரங்காச்சாரியும், மற்றவற்றுக்கு டாட்வெல் பொறுப்பு. மொழிபெயர்ப்பு பல இடங்களில் பிள்ளையின் பேச்சு வழக்கை மழித்துவிடுகிறது. அவர் அலுத்துக்கொள்வதும் கோபப்படுவதும் தமிழில்தான் காதில் விழும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்: புரட்டாசி மாதத்தில் சென்னைச் சேதி வந்த நாளின் குறிப்பை, கிழமையோடு, எழுத்து மாறாமல் நகல் எடுத்து அனுப்ப முடியுமா? கைபேசியில் படம் எடுத்தாலும் போதும். ஆனால் பக்க எண் தெரியும்படி எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்