நாள் குறிக்க நாம் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, ஒரு தம்பி துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையில் திணித்தார். உலக முடிவில் இயேசு திரும்பி வரும் இரண்டாம் வருகை எந்த ஆண்டு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அதைப் படித்த என் பேத்தி, "அப்போ நான் பிளஸ் டூ எழுதவே வேண்டாமா பாட்டி?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார், வேதாகமத்தில் தானியேல் 8:14-இல் வரும் 2,300 நாள்களை ஆண்டுகளாக எண்ணி, வருகையின் காலத்தைக் கணக்கிட்டார். அவருடைய இயக்கத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். விளைந்ததை அறுக்காமல் நிலத்திலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு. இரவு கடந்தது, விடிய விடிய அழுதார்கள். ஹெரால்டு கேம்பிங் என்ற அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். அடுத்த ஆண்டு தவறென்று ஒப்புக்கொண்டார். அவரை நம்பி வாழ்நாள் சேமிப்பை அந்த நாளை அறிவிக்கும் விளம்பரத்துக்குக் கொடுத்தவர்களுக்கு அது திரும்பி வரவில்லை.

கிறிஸ்து ஆயிரம் வருடம் ஆளுவார் என்று வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் ஆயிர வருட அரசாட்சி நேரடிப் பொருளா, அடையாளமா என்பது பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டினுக்கும் முந்திய விவாதம். அது நடக்கட்டும். ஆனால் வருகையின் நாளைக் குமாரனாகிய இயேசுவும் அறியார், பிதா ஒருவரே அறிவார் என்று மாற்கு 13:32 சொல்கிறதே!

நானும் அவர் வருகைக்காக ஜெபிக்கிறவள்தான். ஆயர்கள் இந்த வசனத்தைப் பிள்ளைகளுக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். ஆலய வாசலில் இத்தகைய பிரசுரங்களை அனுமதிக்கவே கூடாது.

- ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை