உன் கட்டுரையைப் படித்தேன்

அன்பு மகளுக்கு,

குழந்தைகளையும் தொழில்நுட்பத்தையும் பற்றி நீ அனுப்பிய கட்டுரை கிடைத்தது. மின்னஞ்சல் வந்த நேரம் இரவு 2:40. பிள்ளைகளின் தூக்கத்தைப் பற்றி எழுதுகிறவள் அந்த நேரம்வரை விழித்திருக்கக் கூடாது அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள். கட்டுரையோடு "படித்துப் பாருங்கள், அப்பா" என்று ஒரு வரி எழுதியிருந்தாய். இந்த இரண்டு மாதங்களில் உன்னிடமிருந்து எனக்கு வந்தது அந்த ஒரு வரிதான். படிப்புச் சுமை இருக்கும், எனக்குத் தெரியும். அதைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை. கட்டுரையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கருத்துக் கட்டுரை என்றால் அதில் கருத்து இருக்க வேண்டும். நீ முதலில் தொழில்நுட்பத்தின் நன்மைகளைச் சொல்லி, பிறகு தீமைகளைச் சொல்லி, அளவோடு பயன்படுத்தினால் குழந்தைகளுக்கு நல்லது என்று முடித்திருக்கிறாய். இதை மறுக்க உலகத்தில் ஒருவரும் இருக்க மாட்டார். அதனாலேயே இதை எழுதத் தேவையில்லை. பள்ளிப் பேச்சுப் போட்டியில், எதிரணி எழுந்து நின்று மறுக்கும்படியாக ஒன்றைச் சொல்லிவிட்டு, அந்த மறுப்புக்கும் பதில் வைத்திருந்த பெண் நீ. அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் கலங்கியதை அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். அந்தப் பெண்ணை இந்தக் கட்டுரையில் தேடினேன். ஒரு பக்கத்தில் நில்.

'தொழில்நுட்பம்' என்ற சொல்லையும் உடைத்துப் பார். தொலைவில் இருக்கும் பாட்டியோடு காணொளியில் பேசிச் சிரிக்கும் குழந்தையையும், விரலால் தள்ளத் தள்ளத் தீராத குறுங்காணொளிகளுக்குள் மூழ்கிக் கிடக்கும் குழந்தையையும் நீ ஒரே சொல்லுக்குள் அடைத்துவிட்டாய். புத்தகத்தில் பக்கம் முடியும், அத்தியாயம் முடியும். அந்த இடத்தில் குழந்தை தானாகவே நிமிர்ந்து பார்க்கும். அப்படி நிமிர இடமே தராமல் அமைக்கப்பட்டிருப்பதுதான் குறுங்காணொளியின் குறை. உன் குற்றச்சாட்டு திரையின் மேல் பொதுவாக விழாமல் அந்த அமைப்பின் மேல் விழட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலைச் சுருக்கும்போது ஒரு பிழை நேர்ந்திருக்கிறது. ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று அவர்கள் சொன்னது எல்லாக் குழந்தைகளுக்கும் அல்ல. இரண்டு முதல் நான்கு வயது வரையானவர்களுக்கு. அதற்கும் குறைந்த வயதில் திரையின் முன் உட்கார வைப்பதே வேண்டாம் என்கிறார்கள். அந்த வழிகாட்டுதல் உடலியக்கத்தையும் தூக்கத்தையும் சேர்த்தே பேசுகிறது என்பதைக் கவனி. திரை எதைத் தருகிறது என்பதோடு, ஓட்டத்திலிருந்தும் தூக்கத்திலிருந்தும் எவ்வளவைப் பறிக்கிறது என்பதும் அங்கே கேள்வி. உனக்கு எதிரான சான்றையும் ஒளிக்காதே. ஆய்வாளர்கள் ஏமி ஆர்பனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான வளரிளம் பருவத்தினரின் தரவுகளை ஆராய்ந்து, அவர்களுடைய மனநலத்தில் காணும் வேறுபாட்டில் மிஞ்சிப்போனால் 0.4 சதவீதத்தையே டிஜிட்டல் பயன்பாட்டோடு தொடர்புபடுத்த முடியும் என்று 2019இல் எழுதினார்கள். அதைச் சொல்லிவிட்டு, சராசரிக்குள் தனி ஒரு பிள்ளையின் பாடு தெரியாது என்று வாதாடு. நீ வாதாடுவாய்.

மூன்றாம் பக்கத்தில் உளவியலாளர் எட்வர்ட் டிரானிக்கின் ஆய்வை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டாயே, கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. 1970களில் நடந்தது, கைப்பேசி புழக்கத்துக்கே வராத காலம். ஆகவே கைப்பேசியின் தீமைக்கு அதை நேரடிச் சான்றாக வைக்க முடியாது. ஆனால் அந்த ஆய்வில் நடப்பதைப் பார். குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருந்த தாய் திடீரென்று முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் உட்கார்ந்துவிடுகிறாள். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டிப் பார்க்கிறது, பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு நான் வெகுநேரம் அடுத்த பக்கத்துக்குப் போகவில்லை.

உன் ஒன்பது வயதில் மழைக்காலத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாய். "படி, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றேன், கையில் இருந்த கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். நீ முதல் பத்தியைப் படித்தாய். பிறகு அதே பத்தியை மறுபடியும் படித்தாய். மூன்றாம் முறையும் அதையே படித்தாய். நான் "நன்றாக இருக்கிறது" என்றேன். நீ நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாய். இது எனக்குத் தெரியாது என்று இத்தனை வருடங்களாக நினைத்திருப்பாய். அன்று இரவே அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் உன்னை உட்கார வைத்து அதைப் படிக்கச் சொல்லியிருக்கலாம். வெட்கத்தில் சும்மா இருந்துவிட்டேன். அதன் பிறகு நீ எதையும் எனக்குப் படித்துக் காட்டியதில்லை. உன் மதிப்பெண் குறைந்தபோது அந்தப் பச்சை உறை டேப்லட்டைப் பரணில் தூக்கிப் போட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று உன்னிடமும் தம்பியிடமும் ஒரு மணி நேரம் பேசினேன். அப்போதும் என் கைப்பேசி என் சட்டைப் பையிலேயே இருந்தது. தப்பு என்னுடையது அம்மா. கட்டுரையில் இதை எழுத வேண்டுமென்றால் எழுது. என்னைக் கேட்க வேண்டியதில்லை.

நேரத்துக்குத் தூங்கு. கட்டுரை ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

இன்னும் ஒன்று. 'பெற்றோரின் கவனம்' என்று தொடங்கும் பத்தி இரண்டாம் பக்கத்தில் வருகிறது. நான்காம் பக்கத்தில் ஒரு சொல்கூட மாறாமல் மறுபடியும் வருகிறது. நகலெடுக்கும்போது நேர்ந்ததா என்று நான் கேட்கவில்லை. இரண்டையும் படித்தேன். முதலில் வருவதை எடுத்துவிட்டு நான்காம் பக்கத்தில் இருப்பதை வைத்துக்கொள். டிரானிக்கின் ஆய்வுக்குப் பின்னால் வரும்போதுதான் அது சரியாக இருக்கிறது.

அன்புடன்,
அப்பா